ஜெபல் ஹஃபீத்: வெயில் இறங்கிய பிறகு

துபாயில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று ஊரில் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த வெயில்லயா?" வெயிலில் யார் ஓட்டுகிறார்கள்? மே பிறந்துவிட்டால் எங்களுக்கு அலாரம் அதிகாலை மூன்றரைக்கு. ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஏழு மணிக்குள் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிவிட வேண்டும். ஆகஸ்டில் அதுவும் நடக்காது. கடலோரத்தில் அப்போது இரவு என்பதெல்லாம் பெயருக்குத்தான். அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அல் ஐனுக்குக் கிளம்பினோம், ஜெபல் ஹஃபீத் மலையில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி இறங்கிவிடலாம் என்று.

கூட வந்தவர் கீழக்கரைக்காரர். அந்த ஊர் வழக்கப்படி எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். ஷேக் சாயித் சாலையில் ஒரு சரக்குக் கப்பல் ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். ஐம்பது தாண்டியதும் டாக்டர் சுகர் என்று சொல்லிவிட, நடக்கப் போய் முட்டி வலி வந்து, அங்கிருந்து சைக்கிளுக்கு வந்து சேர்ந்தவர். இப்போது என்னைவிட அவருக்குத்தான் பைத்தியம் அதிகம். முந்தைய நாளே இரண்டு தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துவிடுவார். ஒன்றில் பாதித் தண்ணீர், படுக்கவைத்து உறைய விட்டது. அதில் கிளம்பும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு உடனே குடிக்கலாம். இன்னொன்று முக்கால்வாசி நிரப்பி உறைய வைத்தது. அது ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கத் தோதாக உருகி வரும். அதற்கப்புறம் எந்த பாட்டிலைத் திறந்தாலும் வெந்நீர்தான்.

வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம், புழுக்கத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. வளைகுடாக் கடலின் சராசரி ஆழமே சுமார் 35 மீட்டர்தான். ஆழமில்லாத அந்தத் தண்ணீர் கோடை முழுக்கக் காய்ந்து, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தொடும். அதிலிருந்து எழும் ஈரமெல்லாம் துபாய், ஷார்ஜா, அபுதாபிக் கரையில் வந்து படியும். வேர்வை உடம்பைக் குளிர வைப்பது அது காற்றில் ஆவியாகும்போதுதான், சொட்டிக் கீழே விழும் வேர்வையால் ஒரு பயனும் இல்லை. காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவியாக வழி ஏது? இரவு பத்து மணிக்கு ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஹேண்டில்பார் வழுக்கும். ஷூவுக்குள் தண்ணீர் சேர்ந்து சளசளக்கும். அல் ஐன் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே பகலில் சூடு இன்னும் அதிகம், ஆனால் வறண்ட சூடு. வேர்ப்பதே தெரியாது, வேர்த்த மறுகணம் காய்ந்துவிடும். கறுப்பு உடையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழுவதைப் பார்த்துத்தான் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அதில் வேறு ஆபத்து உண்டு. தாகம் எடுத்த பிறகு குடித்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். காக்கா தன் கடிகாரத்தில் கால் மணிக்கு ஒருமுறை பீப் அடிக்க வைத்திருக்கிறார், அடித்தால் இரண்டு மடக்கு.

துபாயிலிருந்து அல் ஐன் வரை ஆறு வழிச் சாலை நேராகப் போகிறது. நகரம் முடிந்ததும் மணல் வெளிறிய நிறத்திலிருந்து மெல்லச் சிவக்கத் தொடங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் காஃப் மரங்கள், அவற்றின் அடிக்கிளைகளை எட்டிய மட்டும் மேய்ந்துவிட்டு நிற்கும் ஒட்டகங்கள். நூறுக்கு மேல் ஓடும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, பின் கண்ணாடியில் எங்கள் சைக்கிள்களின் சக்கரங்கள் காற்றில் சும்மா சுற்றுவதைப் பார்த்தபடி வந்தோம். சைக்கிள் ஓட்டுவதற்காக நூற்று முப்பது கிலோமீட்டர் கார் ஓட்டுவது ஊரில் இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இங்கே அதுதான் நடைமுறை. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது, ஓரத்தில் லாரி டயர்கள் வெடித்துச் சிதறிய ரப்பரும், அதற்குள்ளிருந்து உதிர்ந்த முடி போன்ற எஃகுக் கம்பிகளும் கிடக்கும். எங்கள் பஞ்சர்களில் பாதி அந்தக் கம்பியால்தான். விரலால் டயரைத் தடவினால் தட்டுப்படாது, பிளக்கர் வைத்துத்தான் பிடுங்க வேண்டும்.

சைக்கிளுக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த இடங்களில் குறை சொல்ல ஏதுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துபாய்க்கு வெளியே அல் குத்ரா பாதை இருக்கிறது. நடுவில் இருக்கும் வளையம் மட்டுமே சுமார் ஐம்பது கிலோமீட்டர். மோட்டார் வாகனம் எதுவும் குறுக்கே வராத வழவழப்பான தார்ப்பாதை பாலைவனத்துக்குள் போய்ச் சுற்றி வருகிறது. வழியில் ஓரிக்ஸ் மான்கள் நிற்கும். 1972இல் இந்த இனம் காட்டில் அற்றுப்போனது. மிருகக்காட்சிசாலைகளில் வளர்ந்தவற்றைக் கொண்டு 1982இல் ஓமானில் மறுபடி வெளியே விட்டார்கள். இன்று அந்த இனம், நாங்கள் மணியடிக்க வழியில்லாமல் "ஏய், ஏய்" என்று கத்தினாலும் அசையாமல் பாதையின் நடுவில் நின்று எங்களைப் பார்க்கிறது. பகல் ஏறினால் தொலைவில் சூரிய மின்பூங்காவின் கோபுரம் தெரியும். 260 மீட்டருக்கு மேல் உயரம். சுற்றிலும் உள்ள 70,000 கண்ணாடிகள் வெயிலை அதன் உச்சியில் குவிக்கின்றன. அந்த நுனி வெள்ளையாகத் தகதகப்பதை நேராகப் பார்க்க முடியாது. அதைப் பார்க்கும் நேரத்தில் நாங்கள் இன்னும் சைக்கிளில் இருக்கிறோம் என்றால் தாமதமாகக் கிளம்பியிருக்கிறோம் என்று பொருள்.

குத்ராவில் வெயிலைவிடக் காற்றுதான் எதிரி. இரவில் பாலைவனம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. அதனால் விடியலில் காற்று உள்ளிருந்து கடலைப் பார்த்து வீசும், உள்ளே போகும் எங்களுக்கு எதிர்க்காற்று. ஒன்பது, பத்து மணிக்கு மணல் சூடேறி நிலைமை தலைகீழாகும், கடல்காற்று உள்ளே வரும். குளிர்காலத்தில் அப்போதுதான் நாங்கள் திரும்பிக்கொண்டிருப்போம், அதுவும் எதிர்க்காற்று. போகவும் எதிர், வரவும் எதிர் என்று புலம்பாத சைக்கிள்காரர் இங்கே கிடையாது. அது வெறும் புலம்பல் இல்லை, பூகோளம். 2016 அக்டோபரில் தோஹாவில் உலக சாம்பியன் பந்தயம் நடந்தபோது வெப்பம் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பந்தயத்தைக் கிழித்துப் போட்டது பாலைவனத்தின் பக்கவாட்டுக் காற்று. பாதிக்கும் மேற்பட்ட வீரர்கள் முடிக்கவே இல்லை. முன்னால் பிழைத்த கூட்டத்திலிருந்து பீட்டர் சாகன் ஜெயித்தார்.

ஆக, ஓட்ட இடம் உண்டு. துபாயில் மட்டும் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போட்டாகிவிட்டது. 2023இல் ஒரு நிறுவனம் கூரை போட்டு ஏசியும் வைத்த 93 கிலோமீட்டர் சைக்கிள் வளையம் ஒன்றின் படங்களைக்கூட வெளியிட்டது. ஆனால் பெரும்பாலான பாதைகள் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி அதே கார் நிறுத்துமிடத்தில் முடிகின்றன. வீட்டிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து கடைக்கு என்று சைக்கிளில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவது வேறு விஷயம். இந்த நாட்டில் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் லைக்ரா உடை போடுவதில்லை.

அல் ஐனில் நுழைந்ததும் சனையாவுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார் காக்கா. சனையா என்பது தொழிற்பேட்டை. வெல்டிங் பட்டறை, கண்ணாடிக் கடை, டயர்க் கடை, அவற்றுக்கு நடுவே விடிய விடிய ரொட்டி தட்டும் பட்டான் அடுப்புகள், மலையாளி ஹோட்டல்கள். ஒரு கம்பத்துக்குப் பத்து சைக்கிள் என்று சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கியர் கிடையாது. பின் கேரியரில் காய்கறி வரும் பிளாஸ்டிக் கூடை, பழைய ட்யூபைக் கிழித்து இழுத்துக் கட்டியது. சீட்டுக்கு ஸ்பாஞ்சு வைத்து அதன் மேல் கடைப் பையைச் சுற்றியிருந்தார்கள், வெயிலில் ரெக்ஸின் சுடாமலிருக்க. ஹேண்டில்பாரில் ஈரச் சாக்குத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில். ஈரம் ஆவியாக ஆக உள்ளே தண்ணீர் குளிரும். எங்கள் ஃப்ரீசர் வித்தையைவிட நீண்ட நேரம் தாங்குவது அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் காரைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நம்மூர்ப் பையன், மன்னார்குடிப் பக்கம், அலுமினியக் கதவு செய்யும் பட்டறையில் வேலை. என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன விலைண்ணே?"

சொன்னேன். குறைத்துத்தான் சொன்னேன்.

அவர் மறுபடி ஒருமுறை சுற்றி வந்தார். "ஸ்டாண்டு இல்ல. கேரியர் இல்ல. மட்கார்டு இல்ல. பெல்லுகூட இல்ல. எதுவுமே இல்லாததுக்கா அவ்வளவு காசு?"

காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பி, இதைத்தான் எங்க வீட்டுலயும் கேக்குறாங்க."

நான் ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். அவரும் தூக்கிப் பார்த்தார். எடை இல்லாததுதான் விலை என்று புரிந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவர் தங்கியிருக்கும் கேம்ப்பிலிருந்து பட்டறை ஐந்து கிலோமீட்டர். பஸ் கம்பெனிக்கு இல்லை. ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கதவு பொருத்தும் சைட் வேலை என்றால் அந்த இரண்டரை மணி நேரத்தை ஈடுகட்ட டியூட்டி முன்னதாகவே தொடங்கிவிடும். "நாலு மணிக்கு எந்திரிச்சிருவேண்ணே. நாலே முக்காலுக்கு சைக்கிள எடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். கோடையில் அதே நேரத்துக்குத்தான் நாங்களும் குத்ராவுக்குக் கிளம்புகிறோம்.

ஒன்று கேட்டேன்: இந்த ஊரில் சைக்கிளில் போகிறவர்கள் ஏன் எதிர்ப்பக்கமாக, வண்டிகளைப் பார்த்தபடி வருகிறீர்கள்? காரோட்டும்போது பலமுறை திடுக்கிட்டிருக்கிறேன். "பின்னாடி வர்றவன் போன்ல பேசிக்கிட்டு வருவாண்ணே. முன்னாடி வந்தா நாம பாத்து மண்ணுல எறங்கிரலாம்ல" என்றார். சட்டப்படி தப்பு, அபராதமும் உண்டு. ஆனால் அந்தச் சாலையில் தினம் போகிறவர் கணக்குப் போட்டுத்தான் அப்படிப் போகிறார்.

பத்தரை மணிக்கு முபஸ்ஸராவில் காரை விட்டோம். மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கும் இடம், சுற்றிலும் புல்வெளி. ஆகஸ்டில் வெந்நீர் ஊற்றுக்கு யார் வருவார்கள் என்று நினைப்போம். புல்லில் கம்பளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த மலையின் கிழக்குச் சரிவின் அடியில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகள் இருக்கின்றன. கல்லை அடுக்கிக் குவித்துக் கட்டிய வட்டக் கூடுகள். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இருட்டில் அதையெல்லாம் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் மஞ்சள் விளக்கு வரிசை மட்டும்தான். சாலை முழுக்க விளக்கு போட்டிருக்கிறார்கள். ஏற வேண்டிய தூரம் மொத்தமும் கீழே நிற்கும்போதே கண்ணில் படுவது வசதியா, தண்டனையா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஏற்றம் சுமார் பதினொரு கிலோமீட்டர், சராசரி ஆறரை சதவீதச் சரிவு, சில இடங்களில் பதினொன்று. தொழில்முறைப் பந்தயத்தில் வீரர்கள் இதை அரை மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். யுஏஇ டூர் பந்தயத்தில் 2020இலும் 2021இலும் ததேய் பொகாச்சார் இங்கே ஜெயித்தார். அதெல்லாம் பிப்ரவரி மாதக் கதை. எங்களுக்கு அடிவாரத்தில் இரவு பத்தரைக்கு 36 டிகிரி.

இரண்டாவது வளைவிலேயே ஒன்று புரிந்தது. சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நமக்கு நாமே காற்று உண்டாக்கிக்கொள்கிறோம், அதுதான் வேர்வையை உலர்த்துகிறது. ஏற்றத்தில் வேகம் எட்டுக்கு இறங்கிவிடுகிறது. காற்று நின்றுபோகிறது, உழைப்போ இரட்டிப்பாகிறது. போதாக்குறைக்குச் சாலையின் ஒருபுறம் வெட்டிய சுண்ணாம்புப் பாறைச் சுவர். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது ராத்திரியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பாறைப் பக்கம் போனால் இடது கன்னம் சுடும், வளைவு திரும்பினால் வலது கன்னம். ஒருமுறை நின்று கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு இறக்கி வைத்த தோசைக்கல்தான். இந்தப் பாறையில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த மண் மடிந்து எழுந்து மலையானது. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அதை நம்பத் தயக்கமாக இருந்தது.

கார்கள் நிறைய. கோடை ராத்திரியில் அல் ஐன்காரர்கள் குளிர்ச்சி தேடி மேலே வருவது வழக்கம். பையன்கள் ஜன்னலைத் திறந்து "யல்லா, யல்லா" என்று கத்தி உற்சாகப்படுத்தினார்கள். ஒரு வண்டி எங்களுக்கு இணையாக மெதுவாகவே வந்து, ஜன்னல் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நீட்டியது. காக்கா வாங்கிக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார். அல் ஐனின் வறண்ட காற்றில் அந்த ஈரம் இரண்டு வளைவு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வளைவும் சொர்க்கம் என்றார்.

பாதிக்கு மேல் பேச்சு நின்றுவிட்டது. கடிகாரத்தின் பீப், செயின் சத்தம், அவ்வளவுதான். செயினுக்கு இங்கே எண்ணெய் போடக் கூடாது, மணல் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரைத்துவிடும். மெழுகு போடுகிறோம். மெழுகு போட்ட செயின் புதிதில் சத்தமே போடாது, தேயத் தேயக் கிறீச்சிடும். காக்காவின் செயின் எட்டாவது கிலோமீட்டரிலிருந்து கிறீச்சிட ஆரம்பித்தது. முன்னால் போன எனக்கு அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கும் வேலை மிச்சம். ஓரிடத்தில் கிறீச் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் காட்சி பார்ப்பதற்காக விட்டிருக்கும் திட்டில் உட்கார்ந்து ஓஆர்எஸ் பொடியைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் கொட்டிக்கொண்டிருந்தார். தொடை பிடித்துக்கொண்டதாம். "சுகர் இருக்கிறவங்க இதைக் குடிக்கலாமா காக்கா?" என்றேன். "ஏறி முடிச்சிட்டு டாக்டரைக் கேப்போம்" என்றார்.

மலையின் உச்சி 1,249 மீட்டர். சாலை அதற்குக் கொஞ்சம் கீழே, ஆயிரத்துச் சொச்சத்தில், பெரிய கார் நிறுத்துமிடமாக விரிந்து முடிகிறது. கடைசி வளைவில் திடீரென்று காற்று வந்தது, உண்மையான காற்று, வறண்டது. எழுநூறு மீட்டர் ஏறியதற்கு ஆறேழு டிகிரி குறைந்திருந்தது. முப்பது டிகிரி. கீழே அதை யாரும் குளிர் என்று சொல்ல மாட்டார்கள், அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருபுறம் அல் ஐன் விளக்குகள், ஒட்டினாற்போல ஓமானின் புரைமி. மேலேயிருந்து பார்க்கும்போது எல்லை எங்கே என்று தெரியாது. மறுபுறம் இருட்டு. சுற்றிலும் கார்கள், மடக்கு நாற்காலிகள், பிளாஸ்க்குகள், ஓடி விளையாடும் குழந்தைகள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது, திருவிழா மாதிரிக் கூட்டம். காக்கா வேனில் கரக் டீ விற்பவரிடம் சர்க்கரை இல்லாமல் ஒன்று கேட்டார். சர்க்கரை இல்லாமல் கரக் டீயா என்று அவர் பதிலே சொல்லாமல் வழக்கமான டீயையே ஊற்றிக் கொடுத்தார். காக்காவும் மறுப்புச் சொல்லாமல் குடித்தார்.

இறக்கம்தான் பயம். ஏறும்போது தொந்தரவில்லாத கார்கள் இறங்கும்போது பின்னாலிருந்து விரட்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வேகத்தில் காற்று சட்டைக்குள் புகுந்து அடித்தாலும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டிகிரி கூடுவதைத் தோலே சொன்னது. முபஸ்ஸரா வந்தபோது பழைய சூடு பழைய இடத்தில் காத்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் காற்று மாறும், அக்டோபரில் குத்ராவில் கூட்டம் பிதுங்கும், டிசம்பரில் மூடுபனிக்குப் பயந்து முதுகில் விளக்கு மாட்டுவோம். நடுவில் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காக்கா வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார். 2020இலிருந்து வருஷத்தில் ஒருநாள் விடியற்காலை ஷேக் சாயித் சாலையைக் கார்களுக்கு மூடிவிட்டு சைக்கிளுக்குத் திறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர். ஆயிரக்கணக்கில் வருவார்கள். மூன்று சக்கர சைக்கிளில் குழந்தைகள், வாடகை சைக்கிளில் பிலிப்பினோப் பெண்கள், எங்கள் மாதிரி லைக்ராக்காரர்கள், கூடை கட்டிய சைக்கிளோடு சிலர். அந்தச் சாலையில் மற்ற நாட்களில் ஒரு சைக்கிள் ஏறினால் உயிரோடு இறங்காது.

காக்காவின் ஆபீசு அந்த வழியில்தான் இருக்கிறது. போன நவம்பரில் அதற்கு நேராக வந்ததும் ஓரமாக நிறுத்தி, கட்டிடம் பின்னால் தெரியும்படி என்னைப் படமெடுக்கச் சொன்னார். அங்கேயே நின்று மேனேஜருக்கு அனுப்பினார்: "சைக்கிளில் டியூட்டிக்கு வந்துவிட்டேன்." கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இன்றைக்கு லீவு."